மாமியார் வீட்டுக்குப் போகிற பஸ்

எங்கள் சொந்தத்தில் சம்பந்தம் என்ற பேரில் மூன்று பேர். ஒருவர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். இன்னொருவர் சீட்டுப் பிடித்துவிட்டு ஊரைவிட்டே போனவர், அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது சம்பந்தத்தை. ஆரணியில் எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பிறகு என் சின்னம்மா மகள் பாஞ்சாலைக்கு மருமகன் ஆனான். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது நான்தான் என்பதால், அவன் வாழ்க்கையில் எது நடந்தாலும் பாஞ்சாலை முதலில் என்னைத்தான் பிடித்துக்கொள்வாள்.

பாஞ்சாலையைப் பெரணமல்லூரில் கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரருக்குத் தறியும் இருந்தது, கொஞ்சம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிற நிலமும் இருந்தது. மனிதர் சீக்கிரம் போய்விட்டார். ஒரே பெண் திலகவதி. தறியை விற்றுவிட்டு, நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மல்லாட்டை பிடுங்கி, உடைத்து, விற்று அந்தப் பெண்ணை வளர்த்தாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த வாயில் பொய் மட்டும் வராது. பொய் சொல்லத் தெரியாததால்தான் வாய் நீளமாகிவிட்டது என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார்.

சம்பந்தத்துக்கு நன்றாக நெய்யத் தெரியும். ஆனால் தறிக்குழியில் அவனை உட்காரவைப்பதுதான் கஷ்டம். பஸ் சத்தம் கேட்டால் போதும், எந்த ஊர் வண்டி, யார் ஓட்டுகிறார் என்று சொல்லிக்கொண்டே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவான். அவன் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். இதைப் பார்த்த தனகோடிதான், "இவனை நான் இட்டுகினு போறேன், இவனுக்கு ஏத்த வேலை எங்கிட்ட இருக்கு" என்றார். தனகோடி பட்டுக்கடை வைத்திருந்தார். சம்பந்தத்துக்கு ஒன்றுவிட்ட மாமன் முறை. பெங்களூர், சித்தூர் பக்கம் கடைகளுக்குப் புடவை அனுப்புகிறவர். நெய்து வந்த புடவைகளைக் கட்டி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டுபோய், கடையில் சேர்த்து, பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு வருவதற்கு ஐந்தாறு ஆட்களை வைத்திருந்தார். வெளியூர் ஆள் என்று கடையில் சொல்வார்கள். சம்பந்தம் வெளியூர் ஆள் ஆனான். வாரம் தவறாமல் பஸ். அவனுக்குச் சம்பளத்தையும் கொடுத்து சந்தோஷத்தையும் கொடுத்த மாதிரி ஆயிற்று.

அந்த வேலைக்குச் சில சட்டங்கள் உண்டு. புடவைக் கட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, அதன்மேல் பழைய லுங்கியைச் சுற்றி, அரிசிப் பையில் போடுவார்கள். பார்த்தால் ஊருக்குப் போகிறவன் மூட்டை மாதிரி இருக்கும். பையைத் தலைக்கு மேலே இருக்கிற சாமான் பலகையில் வைக்கக்கூடாது, மடியிலேயே இருக்கவேண்டும். தண்ணீர் குடிக்க இறங்கினாலும் பை கூடவே இறங்கவேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம். பஸ்ஸில் யார் கேட்டாலும், தெரிந்தவனோ தெரியாதவனோ, எங்கே போகிறாய் என்றால் மாமியார் வீட்டுக்கு என்றுதான் சொல்லவேண்டும்.

அது தனகோடியின் மூளை. முன்னாடி ஒருத்தர், பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் பெங்களூருக்குப் புடவை கொண்டுபோகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி, கிருஷ்ணகிரி தாண்டிக் கண்விழித்துப் பார்த்தால் மடியில் வைக்கோல் அடைத்த பை இருந்ததாம். அதிலிருந்து தனகோடி யோசித்தார். சொந்த வேலை என்றால் என்ன வேலை என்று கேட்பான். கோயிலுக்கு என்றால் எந்தக் கோயில் என்பான். மாமியார் வீட்டுக்கு என்றால் எவனும் அடுத்த கேள்வி கேட்கமாட்டான், சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். பை பருத்திருப்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. இதை வெளியே சொல்லமாட்டோம், பெண்டாட்டியிடமும் சொல்லமாட்டோம் என்று ஆயுத பூஜை அன்றைக்குக் கற்பூரம் ஏற்றி அந்த ஆட்களிடம் சத்தியம் வாங்கிக்கொள்வார். கல்யாணமே ஆகாத ஒருத்தன்கூட அந்த வேலூர் பஸ்ஸில் மாமியார் வீட்டுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டு போவான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அது பாஞ்சாலை அடித்த கூத்தினால்.

திலகவதிக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். பெரணமல்லூர்க்காரர் ஒருவர் ஆரணி பஸ் ஸ்டாண்டில் சம்பந்தத்தைப் பார்த்திருக்கிறார். எங்கே மாப்பிள்ளை என்று கேட்க, இவன் பழக்கதோஷத்தில் மாமியார் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டான். அவர் ஊருக்குப் போய், உன் மருமகன் கிளம்பிவிட்டான், வந்து சேர்ந்தானா என்று பாஞ்சாலையைக் கேட்டார். இவள் அவசர அவசரமாக உளுந்து ஊறப்போட்டு, வடை சுட்டு, புதுப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மருமகன் வரவில்லை. வடையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள். இன்னொரு நாளும் வேறு ஒருத்தர் வந்து இதையே சொன்னார். அப்போதும் வரவில்லை. மூன்றாவது ஆள் சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். மாப்பிள்ளை ஏறினது வேலூர் வண்டியாயிற்றே என்றார்.

பெரணமல்லூர் ஆரணிக்குக் கிழக்கே. வேலூர் பஸ் போவது கண்ணமங்கலம் வழியாக, நேர் எதிர்த் திசையில். பாஞ்சாலை அன்றைக்கே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நீ பார்த்த மாப்பிள்ளைக்கு வேலூர்ல இன்னொரு மாமியார் இருக்கா" என்றாள்.

நான் என்ன சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. திலகவதியிடம் இதைச் சொல்லாதே என்று கெஞ்சி நிறுத்தி, சம்பந்தத்தைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் முகம் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டானே தவிர வாயைத் திறக்கவில்லை. அது போதாதா இவளுக்கு? நேராகத் தனகோடி கடை வாசலில் போய் நின்று, உங்களை நம்பித்தானே அண்ணே பெண்ணைக் கொடுத்தோம் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். வியாபார நேரம், கடையில் ஆள் இருக்கிறது. தனகோடி எங்கள் இரண்டு பேரையும் உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். "நான்தாம்மா அப்படிச் சொல்லச் சொன்னது. உன் மருமகன் என் வேலையாத்தான் போறான். இன்னொரு மாமியாரை வெக்கிற அளவுக்கு நான் சம்பளம் குடுக்கல" என்றார். வெளியே சொல்லக்கூடாது என்று எங்களிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆனாலும் வடை தின்னாமல் போன மனத்தாங்கல் அவளுக்கு விடவில்லை. வாரா வாரம் என் வீட்டுக்கு வருவதாகச் சொல்கிற மாப்பிள்ளை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர எட்டிப் பார்ப்பதில்லையே என்று என்னிடம் குறைப்படுவாள். அவன் வந்தாலும் ஒரு ராத்திரி தங்கிவிட்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவான்.

இப்படியே காலம் ஓடியது. தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. சம்பந்தம் பெங்களூர்க் கட்டை எடுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினான். கண்ணமங்கலத்தில் டீ குடிக்க வண்டி நின்றது. மழையில் நனைந்து வந்தவர்கள் எல்லாம் இறங்கினார்கள். இவனும் சட்டப்படி பையை அணைத்துக்கொண்டே இறங்கினான். டீக்கடைக்கு முன்னால் சாக்கடைமேல் ஒரு கல்பலகை. பாசி பிடித்திருந்தது. வழுக்கியபோது வேறு யாராக இருந்தாலும் கையை ஊன்றியிருப்பார்கள், எதையாவது பிடித்திருப்பார்கள். இவன் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்தான். பை நனையவில்லை. வலது முழங்கால் உடைந்து திரும்பிக்கொண்டது.

அந்த வண்டிக் கண்டக்டர் ஜீவானந்தம், இவனோடு பழகிய பிள்ளை. பஸ்ஸில் இருந்தவர்களிடம் சொல்லி, வழியில் எங்கும் நிறுத்தாமல் வேலூர் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வைத்தான். வலியில் இவனுக்குப் பாதி நினைவு இல்லை. பையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. அங்கே எழுதிக்கொள்கிறவர் பேர் கேட்டார், சொன்னான். ஊர் கேட்டார், சொன்னான். எங்கே போகும்போது விழுந்தாய் என்று கேட்டார்.

"மாமியார் வூட்டுக்கு."

அவர் என்ன செய்வார், சொன்னதை எழுதிக்கொண்டார்.

தனகோடி மறுநாளே வந்து பார்த்தார். சாத்துக்குடி வாங்கிவந்தார், ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்றுக்கொண்டார், பையையும் எடுத்துக்கொண்டு போனார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கால்தான் சரியாகவில்லை. எலும்பு கூடியது, முழங்கால் மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு வாரா வாரம் பையோடு பஸ் படி ஏறி இறங்கமுடியாது. தறிக்குழியில் இறங்கி மிதிக்கவும் முடியாது. வருஷம் திரும்புவதற்குள் அந்தப் பெங்களூர்க் கட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். திலகவதி ஒருத்தி தறியில் உட்கார, இவன் பக்கத்தில் நாற்காலி போட்டு நூல் இழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பஸ் சத்தம் கேட்டால் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

நஷ்டஈடு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஜீவானந்தம்தான் ஒரு லீவு நாளில் பார்க்க வந்தபோது சொன்னான். அவன் யூனியனில் இருக்கிறவன்.

"அண்ணே, தினம் வூட்லேர்ந்து கடைக்கு நடந்து போவச்ச விழுந்தா அது வேற கதை. முதலாளி அனுப்பி நீங்க வெளியூர் போறீங்க. போய்ட்டுத் திரும்பி வர வரைக்கும் நீங்க வேலையிலதான் இருக்கீங்க. உங்களுக்கு ரோடுதான் கடை. ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதிப் போடணும், ஜல்தி பண்ணுங்க."

சம்பந்தம் வேண்டாம் என்றான். மாமனை எதிர்த்து எப்படி எழுதுவது என்றான். இது சண்டை இல்லை, சட்டத்தில் இருக்கிற உரிமை, கடைக்காரர் முன்கூட்டியே இன்சூரன்ஸ் போட்டிருந்தால் அவர் கையைக்கூடக் கடிக்காது என்று ஜீவானந்தம் பொறுமையாகச் சொன்னான். கடைசியில் திலகவதி பேசினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. நீங்கள் இப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் எத்தனை நாள் பார்ப்பது என்று மட்டும் கேட்டாள். அவன் கையெழுத்துப் போட்டான். யூனியன் வக்கீல் வேலூரில் தொழிலாளர் அதிகாரியிடம் மனுவைச் சேர்த்தார்.

நோட்டீஸ் போனதும் தனகோடிக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா, ஆபீசுக்கு இழுக்கிறானே என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார். கேட்காமலே ஒரு வருஷம் போயிற்றே என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. அவரும் ஒரு வக்கீலை வைத்தார். அந்த வக்கீல் ஆஸ்பத்திரிப் பதிவை எடுத்துப் பார்த்தார். இனி நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனகோடியிடம் சொல்லிவிட்டார்.

முதல் வாய்தாவில் நடந்ததைத் திலகவதி வந்து சொன்னாள். அந்த வக்கீல், இவர் கடை வேலையாகப் போகவில்லை, மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார், போகிற வழியில் சொந்தக்காரர் என்ற முறையில் ஒரு பையை எடுத்துப் போனார், அவ்வளவுதான் என்றாராம். அப்படி இல்லையென்று வைத்துக்கொண்டாலும், விழுந்தது டீ குடிக்க இறங்கும்போது, டீ குடிப்பது முதலாளி வேலையா என்றும் கேட்டாராம். அதிகாரி ஒரு அம்மா, நிதானமானவர். சம்பந்தத்தைப் பார்த்து, மாமியார் வீட்டுக்கு என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவன் தனகோடியை ஒரு பார்வை பார்த்தானாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். வலியில் ஏதோ சொல்லிவிட்டேன் என்று முனகியிருக்கிறான். வலியில்தான் உண்மை வரும் என்று வக்கீல் அடித்துவிட்டார். அடுத்த வாய்தாவில் சாட்சி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அந்த அம்மா தேதி கொடுத்தார்.

"இவர் உண்மையாவே எங்கம்மா வூட்டுக்குத்தான் கிளம்பினாரா, பெரியம்மா? எங்கிட்டயும் சொல்லமாட்டேன்றாரு" என்று என்னைக் கேட்டாள் திலகவதி. பாவம், அவளுக்கு அன்றுவரைக்கும் அந்தச் சட்டம் தெரியாது. அந்த அளவுக்குச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான்.

நான் பெரணமல்லூருக்குப் போய்ப் பாஞ்சாலையிடம் சொன்னேன். அவள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைத் தள்ளி வைத்தாள். உடனே புடவை மாற்றிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். வந்து மருமகன் முன்னால் நின்றாள்.

"இன்னா மாப்பிள்ளை, அந்த அண்ணன் சொல்லச் சொன்னதுன்னு நீங்க ஏன் வாயைத் தொறக்கல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இவளுக்குத் தெரியும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"அத்தை, அதைச் சொல்லிடாதீங்க. இன்னும் அஞ்சு பேர் அதே பஸ்ல மடியில பையை வெச்சிகினு போய்கினு வராங்க. வெளிய தெரிஞ்சா அவங்க கதி இன்னா ஆவறது? என் கால் போனது போவட்டும்."

அதுவரைக்கும் பாஞ்சாலைக்கு அவன்மேல் இருந்த மனத்தாங்கல் எல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள். நான் பொய்யும் சொல்லமாட்டேன், நீங்கள் காப்பாற்றினதை உடைக்கவும் மாட்டேன், ஆனால் என்னை அங்கே இட்டுக்கொண்டு போகவேண்டும் என்றாள்.

வாய்தா நாளில் எல்லோரும் ஜீவானந்தத்தின் வண்டியிலேயே வேலூர் போனோம். சம்பந்தம் காலை நீட்டி உட்கார முன் சீட்டு. கண்ணமங்கலத்தில் வண்டி நின்றபோது பாஞ்சாலை இறங்கிப்போய் அந்தக் கல்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ குடிக்காமலே திரும்பி வந்தாள்.

ஆபீஸ் மாடியில். மடங்காத காலோடு அவன் அந்தப் படிகளை ஏறுவதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது. மேலே தனகோடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வக்கீல் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

முதலில் ஜீவானந்தத்தைக் கேட்டார்கள். வாராவாரம் இவர் இந்தப் பையோடு என் வண்டியில் வருவார், பையை மடியைவிட்டு இறக்கமாட்டார் என்றான். எங்கே போவதாகச் சொல்வார் என்று வக்கீல் கேட்டார். ஜீவானந்தத்துக்கும் பொய் வரவில்லை. மாமியார் வீட்டுக்கு என்று சொல்வார் என்றான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார், இனி எனக்கு வேலையே இல்லை என்கிற மாதிரி.

பிறகு பாஞ்சாலையைக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி அம்மா, நீங்கள்தான் மாமியாரா, உங்கள் வீட்டுக்கு இவர் வருவாரா என்று கேட்டார்.

"எங்கம்மா வராரு? தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை. அதுவும் விடியறதுக்குள்ள ஓடிடுவாரு. எங்க வூடு பெரணமல்லூருங்க. ஆரணிலேர்ந்து கிழக்கால வரணும். கண்ணமங்கலம் மேற்கால கீது. எங்க வூட்டுக்கு வரவரு அந்தாண்ட ஏன் போறாரு?"

அறையில் இருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். வக்கீல் விடவில்லை. மருமகனுக்காக மாமியார் வேறு எப்படிப் பேசுவார், வழியில் வேறு யாரையாவது பார்த்துவிட்டு வர நினைத்திருக்கலாம், ஆஸ்பத்திரியில் இவரே தன் வாயால் சொன்னதை யார் மாற்றமுடியும் என்றார். இவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்காவது தெரியுமா என்று அதிகாரியும் கேட்டார்.

சம்பந்தம் கண்ணாலேயே அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்மா. ஆனா அது நான் சொல்ற பேச்சு இல்ல" என்றாள் பாஞ்சாலை. பிறகு மெதுவாகத் தனகோடி பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, ஒரு நாள் நான் உங்க கடை வாசல்ல வந்து நின்னு அழுதேன். என் பொண்ணு வாழ்க்கை போச்சுன்னேன். நீங்க உள்ள இட்டுகினு போய் ஒரு வார்த்தை சொன்னீங்க. அதைக் கேட்டுகினு நான் நிம்மதியா வூட்டுக்குப் போனேன். அன்னிக்கு நீங்க சொன்னது நெசமா, இல்ல என்னைக் கம்முனு அனுப்பறதுக்காகச் சொன்னதா? அதை மட்டும் இப்ப சொல்லிடுங்க, போதும்."

வக்கீல் எழுந்து, இதெல்லாம் இங்கே எதற்கு என்றார். தனகோடி அவர் கையை விலக்கினார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிறகு மடியில் வைத்துக்கொண்டார். சம்பந்தத்தின் காலைப் பார்த்தார். அந்தக் கால் பெஞ்சுக்கு வெளியே நடைவழியில் நீட்டிக்கொண்டிருந்தது, யார் போனாலும் தாண்டித்தான் போகவேண்டும்.

"நெசந்தாம்மா" என்றார். அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னது. என் ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. திருட்டுப் பயம். கற்பூரத்துமேல சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன். இவன் என் வேலையாத்தான் போனான், என் சரக்கைக் காப்பாத்தத்தான் கையை ஊனாம விழுந்தான். இவன் சொல்லிடுவான்னு நினைச்சேன். இவன் சொல்லல."

டீ விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறதே என்று வக்கீல் சன்னமாக ஆரம்பித்தார். நாள் முழுக்க முதலாளி வேலையாகப் பயணம் போகிறவர் வழியில் டீ குடிப்பதும் அந்தப் பயணத்தில் அடக்கம்தான், அதிலும் இவர் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறார் என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து நிமிர்ந்து, பாஞ்சாலையைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

கீழே இறங்கும்போது தனகோடி ஒரு பக்கம், ஜீவானந்தம் ஒரு பக்கம் சம்பந்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆபீஸ் வாசலில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது தனகோடி. இந்த டீயும் வேலையில் சேர்த்தியா அண்ணே என்று பாஞ்சாலை கேட்டாள். அவர் அப்போதுதான் சிரித்தார், பழையபடி இருமல் வருகிற சிரிப்பு.

உத்தரவு சில மாதத்தில் வந்தது. மேலே அப்பீல் போகலாம் என்று வக்கீல் சொன்னதைத் தனகோடி கேட்கவில்லை. தொகையை அந்த ஆபீசிலேயே கட்டினார், அங்கிருந்து சம்பந்தம் பேருக்கு வந்தது. மற்ற வெளியூர் ஆட்களுக்கும் இன்சூரன்ஸ் போட்டார். நல்ல பாடம் என்று அவர் சொல்லவில்லை, இதைத்தான் முதல் நாளிலேயே செய்திருக்கவேண்டும், இந்தப் பேஜார் எல்லாம் மிச்சமாகியிருக்கும் என்று சொன்னார். அவர்களுக்கு மாமியார் வீட்டுக்குப் பதிலாக வேறு ஒரு பேச்சும் சொல்லிக்கொடுத்தார். அது என்ன என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதுவதாக இல்லை.

சம்பந்தம் அந்தப் பணத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நடக்கமுடியாதவர்களுக்கு டெலிபோன் பூத் கொடுக்கிறார்கள் என்று ஜீவானந்தம்தான் செய்தி கொண்டுவந்தான். ஆரணியில் ஏற்கெனவே தெருவுக்கு ஒன்று இருந்தது. பெரணமல்லூர் பஸ் நிற்கிற இடத்தில் போடலாமே என்றாள் திலகவதி. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதா என்று சம்பந்தம் தயங்கினான். பாஞ்சாலை அதற்கும் வழி வைத்திருந்தாள். ஆபீசில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் என் வீட்டுக்கு வருவதே இல்லை என்று சொல்லிவிட்டேன், அந்தப் பழியைத் தீர்க்கவாவது வாருங்கள் என்றாள். போனார்கள். தறியையும் கொண்டுபோனார்கள், திலகவதி அங்கேயே நெய்கிறாள்.

பூத் வைத்த இடம் அவனுக்காகவே அமைந்த மாதிரி. கண்ணாடிக் கூண்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்தால் வருகிற பஸ் எல்லாம் தெரியும். எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், எவ்வளவு தாமதம் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வான். செல்போன் வந்து பூத்துக்கு ஆள் குறைந்தபோது கவலைப்படவில்லை, ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப்போட்டான், ரீசார்ஜ் செய்துகொடுத்தான். யாராவது வெளியூர் வேலையில் அடிபட்டார்கள் என்று காதில் விழுந்தால், உட்காரவைத்து, எங்கே எழுதிப் போடுவது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடு என்று அனுப்புவான்.

எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு ஆரணிக்கு வருவான். போன மாதம்கூட என் பேத்தி வளைகாப்புக்கு வந்தான். போகும்போது பலகாரமெல்லாம் கட்டிக் கொடுத்தோம், அரிசிப் பை ஒன்று பருத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுவரைக்கும் நானும் கூடப் போனேன். பெரணமல்லூர் வண்டியில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனோடு பழைய நாளில் பெங்களூர் போய்வந்தவன் ஒருத்தன் கீழே நின்றுகொண்டு, இன்னாண்ணே, எங்க கிளம்பிட்டீங்க என்று கேட்டான்.

"மாமியார் வூட்டுக்கு" என்றான் சம்பந்தம்.

அவன் நம்பவில்லை. எனக்கே இதைச் சொல்றீங்களே என்று சிரித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பையை அழுத்திப் பார்த்தான். உள்ளே இருந்த அதிரசம் ஒன்று நொறுங்கியது. வண்டி கிளம்பிவிட்டது.